முட்கம்பிக்குள் திட்டமிடப்பட்ட தீவு: ஜோர்ஜ் வோட்டர்ஸ்டனின் பறவைப் பட்டியல்

1943 ஒக்டோபரில் சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகத்தில் ஒரு பரிமாற்றம் நடந்தது. கடும் நோயாளிகளாகவும் காயமடைந்தவர்களாகவும் இருந்த பிரித்தானியப் போர்க் கைதிகளை ஜேர்மனி விடுவித்தது. அதே நிலையிலிருந்த ஜேர்மனியக் கைதிகளைப் பிரித்தானியா விடுவித்தது. இரு நாடுகளுக்கும் இடையே அந்தப் போரில் நடந்த முதலாவது பெரிய கைதிப் பரிமாற்றம் அதுதான். விடுவிக்கப்பட்டவர்களுள் எடின்பரோ நகரைச் சேர்ந்த 32 வயது பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. வட கடலைக் கடந்து ஸ்கொட்லாந்தை நெருங்கியபோது, தாய்நாட்டின் முதல் துண்டாக அவர் கண்ணில் பட்டது ஒரு சிறிய பாறைத் தீவு. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முட்கம்பிக்குள் இருந்தபடி நினைத்துக்கொண்டிருந்ததும், நண்பர் ஒருவருடன் சேர்ந்து காகிதத்தில் திட்டம் போட்டு வைத்திருந்ததும் அதே தீவைப் பற்றித்தான்.

தீவின் பெயர் ஃபெயார் ஐல். மனிதரின் பெயர் ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன். பிரித்தானியப் பறவை ஆர்வலர்களிடையே இந்தப் பெயரை அறியாதவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி யாரும் பெரிதாக எழுதியதில்லை. பறவை பார்ப்பது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இவருடைய கதையில் ஒரு போர் இருக்கிறது, ஒரு சிறை முகாம் இருக்கிறது, ஆட்கள் வெளியேறி வெறுமையாகிக்கொண்டிருந்த ஒரு ஊர் இருக்கிறது. அதனால் எங்களுக்கு அது அவ்வளவு தூரத்துக் கதையல்ல.

வோட்டர்ஸ்டன் 1911 இல் எடின்பரோவில் பிறந்தார். அவருடைய குடும்பம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து காகிதாதி, எழுதுபொருள் வியாபாரம் செய்துவந்த குடும்பம். படிப்பு முடிந்ததும் அவரும் கடைக்குத்தான் போனார். மனம் மட்டும் கடையில் நிற்கவில்லை. பதினெட்டு வயதளவில் நண்பர்களைச் சேர்த்து ஒரு சிறு இயற்கை ஆர்வலர் கழகத்தைத் தொடங்கினார். வார இறுதிகளில் ஃபோர்த் கடற்கழியின் கரைகளில் நடந்து, கண்ட பறவைகளை இனம் இனமாக, எண்ணிக்கையுடன் குறித்துவைப்பது அவர்களுடைய வேலை.

இங்கே அந்த நாட்டின் ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். பிரித்தானியாவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட எங்கள் மாவட்டம் போன்ற பிரிவு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பறவைப் பட்டியல் உண்டு. அதைப் பேணும் பதிவாளர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஊதியம் இல்லாத பொறுப்பு அது. ஆண்டு முடிவில் அந்தக் கவுண்டியில் அந்த வருடம் என்னென்ன இனங்கள், எங்கே, எந்தத் திகதியில், எத்தனை காணப்பட்டன என்று ஓர் அறிக்கை வெளிவரும். ஆர்வலர்கள் சொந்தமாகவும் ஆண்டுப் பட்டியல் வைத்திருப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி விடியும்போது எல்லோருடைய பட்டியலும் வெறுமை. நேற்று வரை நூற்றுக்கணக்கான இனங்களைக் குறித்து வைத்திருந்தவரும் அன்று காலை வீட்டுக் கூரையில் நிற்கும் ஊர்க்குருவியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பயணம்: குளிர்காலத்தில் கடற்கரைகள், வசந்தத்தில் காடுகள், இலையுதிர் காலத்தில் தீவுகள்.

பிற்காலத்தில் இது ஓட்டப்பந்தயமாக மாறியது உண்மை. ஒரேயொரு அரிய பறவைக்காக விமானம் பிடித்து ஷெட்லண்டுக்குப் போய், கண்டதும் அடையாளமிட்டுத் திரும்பி வருபவர்கள் இன்று உண்டு. அந்தப் பட்டியல் பார்ப்பவரைப் பற்றிய பட்டியல் என்பது என் எண்ணம். வோட்டர்ஸ்டனின் தலைமுறை வளர்த்தது வேறொன்று. அவர்களுக்குப் பட்டியல் என்பது இடத்தைப் பற்றிய பட்டியல். சாதாரணக் குருவியும் அதில் எண்ணப்பட வேண்டும். ஒன்றும் காணாத நாளும் அதில் எழுதப்பட வேண்டும்.

அந்தத் தலைமுறைக்கு வழிகாட்டியவர்கள் ஸ்கொட்லாந்தில் இரு பெண்கள். எவ்லின் பாக்ஸ்ரர், லியோனோரா ரின்டூல் என்ற இருவரும் 1907 இலிருந்து மே தீவுக்குப் போய், புலம்பெயரும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். பாவாடையும் தொப்பியுமாகப் பாறைகளில் ஏறி இறங்கிய அவர்கள்தான் பின்னர் ஸ்கொட்லாந்தின் பறவைகள் பற்றிய இரண்டு பாகப் பெருநூலை எழுதினார்கள். அவர்கள் தடம் பதித்த அதே மே தீவில் 1934 இல் வோட்டர்ஸ்டனும் நண்பர்களும் ஒரு பறவை அவதானிப்பு நிலையத்தை அமைத்தார்கள். 1936 இல் ஸ்கொட்லாந்துப் பறவையியலாளர் கழகம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் வோட்டர்ஸ்டனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 25.

அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் முதல் முறையாக ஃபெயார் ஐலுக்குப் போனார்.

ஷெட்லண்டுக்கும் ஓர்க்னிக்கும் இடையே நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் தீவு அது. நீளம் மூன்று மைல், அகலம் ஒன்றரை மைல். மரங்கள் இல்லையென்றே சொல்லலாம். ஷெட்லண்டின் தென்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் கடல் தாண்ட வேண்டும். அந்த வழியில் ஓடும் தபால் படகின் பெயர் நல்ல மேய்ப்பன். பெயரின் சாந்தம் அந்தக் கடலுக்குக் கிடையாது. பயணிகள் வாந்தியெடுத்துக் களைத்துத்தான் இறங்குவார்கள். வெளியுலகுக்கு இந்தத் தீவு தெரிந்தது அதன் கம்பளிச் சட்டைகளால். பல வண்ண நூலில் கோலம்போலப் பின்னப்படும் ஃபெயார் ஐல் சுவெட்டரை 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் அணிந்து கோல்ஃப் விளையாடப் போன பிறகு அது உலகெங்கும் நாகரிகமாகிவிட்டது. பின்னிய பெண்களின் தீவில் வறுமை மட்டும் அப்படியே இருந்தது.

பறவைக்காரர்களுக்கு இந்தத் தீவின் பெறுமதி வேறு. கடலைக் கடந்து புலம்பெயரும் பறவைகள் காற்றால் அடித்துச் செல்லப்படும்போது இறங்குவதற்கு அந்தப் பரப்பில் வேறு நிலம் இல்லை. செப்டெம்பரில் தென்கிழக்குக் காற்று இரண்டு நாள் வீசினால், ஸ்கன்டிநேவியாவிலிருந்து தெற்கே போக வேண்டிய பறவைகள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்து விழும். அவற்றோடு சைபீரியாவிலிருந்து வழிதவறிய தனிப் பறவைகளும் வரும். எடின்பரோ அரும்பொருட் சாலையின் வில்லியம் ஈகிள் கிளார்க் 1905 இல் இதைக் கண்டுகொண்டார். அக்காலத்தில் அடையாளம் உறுதியாக வேண்டுமென்றால் பறவையைச் சுட்டு வீழ்த்துவார்கள். 1910 செப்டெம்பரில் அப்படிக் கிடைத்த ஒரு சிறிய மண்ணிறக் குருவி, பிளைத் நாணற்குருவி, பிரித்தானியப் பட்டியலில் முதல் முறையாகச் சேர்ந்தது. ரஷ்யப் பக்கத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் இனம் அது. எங்கள் பற்றைக்காடுகளுக்குள் மார்கழியில் டக் டக் என்று சத்தமிட்டுக்கொண்டு, கண்ணில் படாமல் திரிகின்ற அதே குருவிதான். திசை மாறியதால் வட கடலில் போய் இறங்கியிருந்தது.

தீவின் சிறு விவசாயிகள் சிலர் கிளார்க்கிடம் பயின்று, அவரையே மிஞ்சும் அளவுக்குப் பறவைகளை இனங்காணத் தேறினார்கள். கிளார்க் எடின்பரோவில் இருக்கும் மாதங்களில் குறிப்பெழுதியவர்கள் அவர்கள்தான். வோட்டர்ஸ்டன் 1935 இல் வந்திறங்கியபோது அவருக்குத் தீவைக் காட்டியதும் அந்த மரபில் வந்தவர்களே. ஆய்வாளர்களின் நூல்களில் உள்ளூரவர்களுக்கு அடிக்குறிப்பில்தான் இடம் கிடைக்கும். வோட்டர்ஸ்டன் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அவர் பின்னர் செய்தவையே சான்று.

1941 மே 20 ஆம் திகதி ஜேர்மனியப் பரசூட் படையினர் கிரீட் தீவில் குதித்தார்கள். பன்னிரண்டு நாட்களில் தீவு வீழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் படையினர் பிடிபட்டார்கள். அவர்களில் வோட்டர்ஸ்டனும் ஒருவர். கிரீட்டில் கைதியாக இருந்த நாட்களிலேயே அவர் பறவைக் குறிப்புகளைத் தொடங்கிவிட்டார். பின்பு ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வார்பேர்க் என்ற இடத்திலிருந்த அதிகாரிகள் முகாமில் அடைக்கப்பட்டார்.

அந்த முகாமில் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. பறவைப் பைத்தியங்கள் நான்கு பேர் ஒரே கம்பிவேலிக்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். நோர்வேயில் பிடிபட்ட ஜோன் பக்ஸ்டன் கவிஞர். பிரான்சில் பிடிபட்டவர் பீற்றர் கொண்டர். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டவர் ஜோன் பரற். நான்காமவர் வோட்டர்ஸ்டன். காலையிலும் மாலையிலும் கைதிகளை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். எண்ணி முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இந்த நால்வரும் அந்த நேரத்தில் வானத்தில் போகும் காகக் கூட்டங்களை எண்ணினார்கள்.

முகாமுக்குள் காகிதம் அரிது. பைனாகுலருக்கு வழியே இல்லை. ஆனாலும் அவர்களிடம் நேரம் இருந்தது. அவ்வளவு நேரம் எந்தப் பறவையியலாளருக்கும் அதற்கு முன்னர் கிடைத்திருக்காது. ஒவ்வொருவரும் ஒரு பறவையைத் தெரிந்தெடுத்தார்கள். கொண்டர் கோல்ட்பிஞ்ச் குருவிகளைக் கவனித்தார். பரற் எடுத்துக்கொண்டது சாபிஞ்ச். பக்ஸ்டன் பின்னர் வேறொரு முகாமில், 1943 வசந்தத்தில், ஒரு சோடிச் செவ்வால் குருவிகளை உதவியாளர்களுடன் முறை வைத்து 850 மணிநேரம் அவதானித்தார். அந்தக் குறிப்புகள் 1950 இல் நூலாக வெளிவந்தன. ஒரு தனி இனத்தைப் பற்றிய நல்ல நூல்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேர்லின் அரும்பொருட் சாலையிலிருந்த ஜேர்மனியப் பறவையியல் அறிஞர் எர்வின் ஸ்ரேசமான், எதிரி நாட்டுக் கைதியான பக்ஸ்டனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்து, பறவைகளின் காலில் இடும் வளையங்களை அனுப்பி உதவினார். அந்தக் காலத்தில் அது ஆபத்தில்லாத காரியமல்ல.

இதைப் படிக்கும் எம்மவர்கள் சிலருக்கு ஒரு கசப்பு வரலாம். அது நியாயமானது. வோட்டர்ஸ்டன் இருந்தது அதிகாரிகளுக்கான முகாம். ஜெனீவா உடன்படிக்கையின் பெயரில் அவர்களுக்குக் கடிதம் வந்தது, செஞ்சிலுவைச் சங்கத்தின் பொதி வந்தது, நோயாளியானபோது வீட்டுக்கு அனுப்பவும்பட்டார். அதே ஜேர்மனியின் பிடியில் அதே ஆண்டுகளில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் போர்க் கைதிகள் பட்டினியாலும் குளிராலும் கொலையாலும் மடிந்தார்கள். அவர்களிடம் குருவி பார்க்கும் அவகாசம் இருக்கவில்லை. முட்கம்பி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடான வாழ்வுகள் அடங்கும் என்பதை வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பட்டியல் என்ற சொல்லும் எங்களுக்கு வேறு நினைவுகளையே கொண்டுவரும். இவருடைய பட்டியலை அவற்றோடு ஒப்பிட நான் வரவில்லை. சட்டம் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு முகாமில் ஒரு மனிதருக்கு எது சாத்தியமாயிற்று என்பதைத்தான் சொல்கிறேன்.

சாத்தியமானது ஒரு திட்டம். எடின்பரோ நண்பர் இயன் பிற்மனும் அவரோடு கைதியாக இருந்தார். இருவரும் சேர்ந்து, போர் முடிந்ததும் ஃபெயார் ஐலில் நிரந்தரமான ஒரு பறவை அவதானிப்பு நிலையம் அமைப்பதென்று முடிவெடுத்தார்கள். எங்கே கட்டுவது, எத்தனை பேர் தங்கலாம், பணத்துக்கு என்ன வழி என்று விவரமாகவே எழுதினார்கள். வீடு திரும்புவோமா என்பதே நிச்சயமில்லாத இரண்டு பேர், மரமில்லாத ஒரு தீவில் வராத விருந்தினர்களுக்குக் கட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் போர் அந்தத் தீவையும் தொட்டிருந்தது. 1941 ஜனவரியில் வானிலை பார்க்கவந்த ஜேர்மனிய ஹெயின்கல் குண்டுவீச்சு விமானம் ஒன்று சுடப்பட்டுத் தீவில் வந்து விழுந்தது. இறந்த இரு விமானிகளையும் தீவு மக்கள் தங்கள் மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டின் டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் தெற்கு வெளிச்சவீடு விமானத் தாக்குதலுக்கு உள்ளானது. முதல் தாக்குதலில் வெளிச்சவீட்டுக் காவலர் ஒருவரின் மனைவி கொல்லப்பட்டார். இரண்டாவதில் இன்னொரு காவலரின் மனைவியும் மகளும் பலியானார்கள். விமானத்தின் சிதைவுகள் இன்னமும் அந்த மலைச்சரிவில் கிடக்கின்றன.

திரும்பி வந்த வோட்டர்ஸ்டன் உடல் தேறியதும் பணம் திரட்டத் தொடங்கினார். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், ஷெட்லண்டின் சம்பரோ நிலவுடைமைக் குடும்பத்திடமிருந்து ஃபெயார் ஐல் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார். ஒரு தீவை, அதிலுள்ள குடிகளோடு சேர்த்து, ஒரு தனிமனிதர் வாங்கலாம் என்ற ஏற்பாடே எனக்கு உறுத்துகிறது. ஆனால் வாங்கியவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

வடக்கு இறங்குதுறைக்கு அருகே கடற்படை போர்க்காலத்தில் போட்டிருந்த மரக் கொட்டில்கள் காலியாகக் கிடந்தன. 1948 இல் அவற்றையே திருத்தி நிலையத்தைத் திறந்தார்கள். கென்னத் வில்லியம்சன் முதலாவது பொறுப்பாளராக வந்தார். தீவின் பல இடங்களில் ஹெலிகோலண்ட் பொறி எனப்படும் கம்பிவலைக் கூண்டுகளை அமைத்தார்கள். வாய் அகன்று, உள்ளே போகப்போக ஒடுங்கும் பெரிய கூம்பு அது. பற்றைக்குள் ஒதுங்கும் பறவைகளைப் பின்னாலிருந்து மெதுவாக ஓட்டினால், கடைசியில் ஒரு சிறு பெட்டிக்குள் போய்ச் சேரும். கையில் எடுத்து, இனம், வயது, எடை, சிறகின் நீளம் எல்லாவற்றையும் குறித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் இட்டு விட்டுவிடுவார்கள். துப்பாக்கியின் வேலையை வலை செய்யத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கம்பிவேலிக்குள் எண்ணப்பட்ட மனிதர் கம்பிவலை கட்டிப் பறவைகளை எண்ணினார் என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆனால் இந்தக் கம்பிக்குள் எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் இருந்ததில்லை.

நிலையத்தின் இதயம் என்று சொல்லத்தக்கது இரவுப் பதிவேடுதான். இராச்சாப்பாடு முடிந்ததும் பொறுப்பாளர் பதிவேட்டைத் திறப்பார். விருந்தினர், உதவியாளர் எல்லோரும் சுற்றி அமர்வார்கள். அவர் ஒவ்வொரு இனமாகப் பெயர் சொல்லிக்கொண்டு போக, கண்டவர்கள் எத்தனை, எங்கே என்று சொல்வார்கள். ஒரே பறவையை இருவர் கண்டிருந்தால் கழிப்பார்கள். சந்தேகமானால் கேள்வி வரும்: சிறகில் பட்டை இருந்ததா, கால் என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கம். தொழிற்சாலை முதலாளி சொன்னாலும் பள்ளிக்கூடப் பையன் சொன்னாலும் கேள்விகள் ஒன்றுதான். விவரம் போதாதென்றால் பதிவு இல்லை. இப்படி ஒவ்வொரு நாளும் சேர்ந்து மாதமாகி, மாதங்கள் சேர்ந்து தீவின் ஆண்டுப் பட்டியலாகும். அது ஷெட்லண்ட் கவுண்டியின் பட்டியலுக்குள் போகும். அரிய பறவையென்றால் 1959 இல் அமைக்கப்பட்ட தேசியக் குழுவின் பரிசீலனைக்கும் போகும். மூன்று மைல் நீளத் தீவின் மொத்தப் பட்டியலில் இன்று 380க்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. நல்ல ஆண்டொன்றில் மட்டும் இருநூறுக்கு மேல் சேரும்.

கவுண்டியின் ஆண்டுப் பட்டியலுக்காகப் பயணம் போகிறவர்களுக்கு ஃபெயார் ஐல் இல்லாமல் ஷெட்லண்ட் முழுமையாகாது. செப்டெம்பர் இறுதியில் அவர்கள் நல்ல மேய்ப்பனில் ஏறி வந்து, பகல் முழுவதும் கல்வேலிகளையும் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் கால்வாய்களையும் வரிசையாக நடந்து தேடுவார்கள். மரமில்லாத ஊரில் ஓர் உருளைக்கிழங்குப் பாத்தியே காடு. காற்று மேற்கே திரும்பிவிட்டால் ஒரு வாரமும் வெறுங்கையோடு நடக்க வேண்டியதுதான். படகு ஓடாவிட்டால் திரும்பவும் முடியாது.

இந்தப் பயணிகள்தான் தீவுக்குத் தேவைப்பட்டவர்கள். வோட்டர்ஸ்டன் இதை ஆரம்பத்திலேயே விளங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நானூறு பேரளவில் வாழ்ந்த தீவு அது. வறுமை தாங்காமல் 1862 இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அதன் பிறகு தொகை குறைந்துகொண்டே வந்தது. 1930 ஓகஸ்டில் மேற்கே சென்ற் கில்டா தீவில் எஞ்சியிருந்த 36 பேரும் தாமாகவே கேட்டு, கதவுகளைச் சாத்திவிட்டுக் கப்பலேறி, அத்தோடு அந்தத் தீவின் மனித வாழ்வு முடிந்தது. போருக்குப் பின் ஃபெயார் ஐலில் நூறு பேர்கூட இல்லை. படகை இழுத்துக் கரையேற்றப் போதுமான இளைஞர்கள் இல்லாமல் போனால் தீவு முடிந்தது என்ற கணக்கை எல்லோரும் அறிந்திருந்தார்கள். இங்கும் எல்லோரையும் வெளியேற்றிவிடலாமா என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது.

நிலையத்துக்கு வருபவர்கள் படகுக்குக் கட்டணம் கொடுத்தார்கள். பால், ஆட்டிறைச்சி, முட்டை தீவிலேயே விலைப்பட்டன. சுவெட்டருக்கு வீட்டு வாசலிலேயே வாங்குவோர் கிடைத்தார்கள். சமையலுக்கும் பராமரிப்புக்கும் ஆள் தேவைப்பட்டது. இவை பெரிய தொகைகளல்ல. ஆனால் சில குடும்பங்கள் இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம் என்று தங்குவதற்கு அவை போதுமாயிருந்தன. 1954 இல் வோட்டர்ஸ்டன் தீவை ஸ்கொட்லாந்து தேசிய நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைத்துவிட்டார். தனிமனிதரால் வீடுகளையும் இறங்குதுறையையும் திருத்திக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிதியம் வீடுகளைப் புதுப்பித்தது. தொண்டர்கள் கோடை காலங்களில் வந்து வேலை செய்தார்கள். புதிதாகக் குடியேற விரும்பியவர்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. ஆட்தொகை பிறகும் ஏறி இறங்கியது. 1970களில் ஐம்பதுக்கும் கீழே போன காலமும் உண்டு. ஆனாலும் ஃபெயார் ஐல் சென்ற் கில்டாவாகவில்லை. பள்ளிக்கூடம், கடை, படகு எல்லாம் அங்கே இருந்தன.

மீள்குடியேற்றம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பது என்று நினைக்கும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. அங்கே தங்கியிருப்பதற்கு ஒரு காரணமும் வருமானமும் வேண்டும் என்பதை ஒரு காகிதாதிக் கடைக்காரர் பறவைக் கணக்கின் வழியாகக் கண்டுபிடித்திருந்தார்.

1955 முதல் வோட்டர்ஸ்டன் குடும்ப வியாபாரத்தை விட்டு முழுநேரப் பறவைப் பணிக்கு வந்தார். ஸ்கொட்லாந்துப் பறவையியலாளர் கழகத்தின் செயலாளராகவும், அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்கொட்லாந்துப் பிரதிநிதியாகவும் இருந்தார். அந்தக் காலத்தில்தான் பலருக்கும் தெரிந்த அவருடைய இன்னொரு செயல் நடந்தது. ஒஸ்ப்ரே எனப்படும் மீன்பிடிப் பருந்து (தமிழ்நாட்டில் விராலடிப்பான் என்பார்கள்) வேட்டைக்காரராலும் முட்டை திருடுவோராலும் ஸ்கொட்லாந்தில் 1916 அளவில் அற்றுப்போயிருந்தது. 1954 இல் ஒரு சோடி லொக் காட்டன் ஏரிப் பக்கம் திரும்பி வந்து கூடு கட்டியது. முட்டை சேகரிப்பவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1958 இல், காவலிருந்தும், இருட்டில் மரமேறிய ஒருவன் முட்டைகளை எடுத்துவிட்டுச் சப்பாத்துப் பொலிஷ் பூசிய கோழி முட்டைகளைக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஆண்டு வோட்டர்ஸ்டன் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கூடு இருக்கும் இடத்தை இரகசியமாக வைப்பதை விட்டுவிட்டு, ஊருக்கே அறிவித்தார். தூரத்தில் ஒரு மறைவிடம் அமைத்து, நல்ல தொலைநோக்கிகளை வைத்து, வருகிற எல்லோரையும் பார்க்கவிட்டார். பறவைக்காரர்களில் பலர் இது பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார்கள். 1959 கோடையில் 14,000 பேரளவில் வந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டிலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மரத்தில் திருடன் ஏறுவது கடினம். மேற்கு ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஆண்டுதோறும் திரும்பும் இந்தப் பருந்துகள் இன்று ஸ்கொட்லாந்தில் இருநூறுக்கும் அதிகமான சோடிகளாகப் பெருகியுள்ளன. கவுண்டிப் பட்டியல்களில் அது மறுபடியும் சாதாரணமாக எழுதப்படும் பெயர்.

1967 இல் ஷெட்லண்டின் ஃபெற்லார் தீவில் பனி ஆந்தைகள் கூடு கட்டியபோதும் அதே முறையில் காவலும் பார்வையாளருக்கான ஏற்பாடும் செய்யப்பட்டன. மனைவி ஐரினும் இந்தப் பணிகளில் அவரோடு கூடவே இருந்தார். இறுதிவரை அவரை விடாமல் பிடித்திருந்தது, போர்க் காலத்தில் அவரை முகாமிலிருந்து வெளியே கொண்டுவந்த அதே சிறுநீரக நோய்தான். 1980 செப்டெம்பரில், ஃபெயார் ஐலில் புலம்பெயரும் பறவைகள் இறங்குகிற மாதத்தில், அவர் காலமானார். தீவின் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் இப்போது அவருடைய பெயரில் ஒரு சிறு அரும்பொருட் சாலை. அதில் பறவைகளைவிடத் தீவு மக்களின் மீன்பிடி, பயிர்ச்செய்கை, பின்னல் பற்றிய பொருட்களே அதிகம்.

கடற்படைக் கொட்டில்களுக்குப் பதிலாக 1969 இல் புதிய நிலையக் கட்டடம் வந்தது. 2010 இல் அதையும்விடப் பெரிதாக இன்னொன்று கட்டினார்கள். 2019 மார்ச் 10 ஆம் திகதி அது தீப்பிடித்து முற்றாக எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. நூலகமும் உடைமைகளும் சாம்பலாயின. 1948 இலிருந்து ஒவ்வோர் இரவும் எழுதப்பட்ட பதிவேடுகளின் விவரங்கள் முன்னரே கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் தப்பின. தங்குவதற்கு நிலையம் இல்லாத அந்த வசந்தத்திலும் பணியாளர்கள் தீவில் வேறு வீடுகளில் இருந்துகொண்டு வழமையான பாதைகளில் நடந்து எண்ணினார்கள்.